மருத்துவமனைச் சம்பளமும் சொந்தக் கிளினிக்கும்: ஓய்வூதியத்துக்கு எதில் எவ்வளவு போடுவது?

மாலைகிளினிக்:
பல் மருத்துவர். காலையில் தனியார் மருத்துவமனையில் சம்பளம், பேசிக் 60,000 ரூபாய். மாலையில் சொந்தக் கிளினிக். வாரம் ஒருநாள் இன்னொரு மருத்துவமனையில் கேஸ் கணக்கில் ஃபீஸ், அங்கே பி.எஃப். பிடிப்பதில்லை. என்.பி.எஸ். (தேசிய ஓய்வூதியத் திட்டம்) கணக்கு தனியாகத் தொடங்கியாயிற்று. வரி புதிய முறையில். கிளினிக் வருமானத்திலிருந்து என்.பி.எஸ். போட்டால் வரிக் கழிவு கிடைக்குமா?

வரவுசெலவு:
முதலில் 26ஏஎஸ் (உங்கள் பெயரில் பிடித்த வரியின் அறிக்கை) எடுத்து, டி.டி.எஸ்., அதாவது பணம் தரும்போதே பிடிக்கும் வரியை, எந்தப் பிரிவில் பிடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள் டாக்டர். 192 என்றால் சம்பளம். 194ஜே என்றால் ஃபீஸ். வாரம் ஒருநாள் போகும் மருத்துவமனைக்கு நீங்கள் ஊழியர் அல்ல, அதனால்தான் பி.எஃப். இல்லை. (எண்கள் 1961 வருமான வரிச் சட்டத்தின்படி. 2025 சட்டத்தில் இவை மாறுகின்றன.)

புதிய முறையில், நீங்களே போடும் என்.பி.எஸ்.ஸுக்குக் கழிவு இல்லை, பழைய முறையில் தரும் கூடுதல் 50,000-க்கும் இல்லை. நிர்வாகம் உங்கள் பெயரில் போடுவதற்கு மட்டும் உண்டு: பேசிக்கும் டி.ஏ.வும் சேர்ந்த தொகையில் 14% வரை. உங்கள் கணக்கில் மாதம் 8,400, வருடத்துக்கு 1,00,800 ரூபாய். சம்பளத்தைப் பிரித்து எழுதும்போது இதைச் சேர்க்கச் சொல்லி எச்.ஆரிடம் நீங்கள்தான் கேட்க வேண்டும். மொத்தச் சம்பளத்துக்குள்ளிருந்தே எடுப்பார்கள், கைக்கு வருவது அந்த அளவு குறையும். இன்னொரு பிரான் எண் (என்.பி.எஸ். கணக்கு எண்) வாங்காதீர்கள், ஒருவருக்கு ஒன்றுதான். இருப்பதையே நிறுவனப் பிரிவுக்கு மாற்ற விண்ணப்பியுங்கள்.

யுஏஎன்_பாருங்க:
சம்பளச் சீட்டில் பி.எஃப்.புக்குப் பிடித்த தொகையையும் பாருங்கள். 7,200 என்றால் முழு பேசிக்கில் 12%. 1,800 என்றால் 15,000 ரூபாய்க்கு மட்டும் பிடிக்கிறார்கள். வித்தியாசம் பெரியது, நிர்வாகத்தின் பங்கும் பெரும்பாலும் அதே அளவில்தான் நிற்கும்.

அடுத்தது இ.பி.எஸ்., அதாவது பி.எஃப்.போடு சேர்ந்த ஓய்வூதியத் திட்டம். 2014 செப்டம்பர் 1 அன்றோ அதற்குப் பிறகோ முதன்முதலாக பி.எஃப்.பில் சேர்ந்தவருக்கு, சேரும்போதே சம்பளம் 15,000-க்கு மேல் இருந்தால், இ.பி.எஸ். கிடையாது, நிர்வாகத்தின் 12% முழுவதும் பி.எஃப்.புக்கே போக வேண்டும். தெரியாமல் மாதம் 1,250-ஐ ஓய்வூதியக் கணக்கில் போட்டுவிடுவார்கள். வருடக்கணக்கில் யாரும் கவனிப்பதில்லை. பணம் எடுக்கப் போகும்போது விண்ணப்பம் திரும்பிவரும். இன்றே பி.எஃப். பாஸ்புக்கில் ஓய்வூதியப் பங்கைக் காட்டும் மூன்றாவது தொகைப் பத்தியைப் பாருங்கள். தவறு இருந்தால், திருத்தக் கடிதம் மருத்துவமனையிலிருந்து போக வேண்டும். அங்கே வேலையில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

2014 செப்டம்பருக்கு முன்பே உறுப்பினர் என்றால் கதை வேறு. இ.பி.எஸ். ஓய்வூதியத்துக்குப் பத்து வருடச் சேவை வேண்டும். மருத்துவமனை மாறும்போதெல்லாம் 10சி படிவம் போட்டுப் பணத்தை எடுத்தால் அந்தச் சேவைக்காலம் அழிந்துவிடும். எடுக்காமல் புதிய இடத்துக்கு மாற்றுங்கள். 15,000 உச்சவரம்பில் பத்து வருடத்துக்குக் கிடைப்பது மாதம் சுமார் 2,143, முப்பத்தைந்து வருடத்துக்கு 7,500. இதை மட்டும் நம்பி இருக்க முடியாது, விட்டுவிடவும் வேண்டாம்.

மாலைகிளினிக்:
நன்றி. கிளினிக் வருமானத்துக்காகப் பழைய முறைக்குப் போகலாமா? என்.பி.எஸ். சந்தாவைக் கிளினிக் செலவாக எழுதலாமா?

வரவுசெலவு:
செலவாக எழுத முடியாது. உங்கள் ஊழியர்களுக்கு நீங்கள் கட்டுவதுதான் கிளினிக் செலவு. உங்களுக்காகக் கட்டுவது சொந்தச் சேமிப்பு. உத்தேச வருமானப் பிரிவான 44ஏடிஏ-வில் வரவில் பாதியை வருமானமாகக் காட்டுகிறீர்கள் என்றால் எந்தச் செலவையும் தனியாகக் கழிக்க வழியே இல்லை.

பழைய முறையில் பி.எஃப்., பி.பி.எஃப்., எல்.ஐ.சி., உங்கள் என்.பி.எஸ். எல்லாம் சேர்ந்து 1,50,000-க்குள் அடங்க வேண்டும். உங்கள் பி.எஃப். மட்டுமே 86,400 ஆகிவிட்டால் மீதி 63,600தான். அதற்கு மேல் என்.பி.எஸ்.ஸுக்குத் தனியாக 50,000. இதற்காக மட்டும் மாறுவது பெரும்பாலும் கட்டுப்படியாகாது. தொழில் வருமானம் உள்ளவர் பழைய முறைக்குப் போக, ரிட்டர்ன் கெடுவுக்குள் 10-ஐஇஏ படிவம் தர வேண்டும். பிறகு ஒருமுறை புதியதற்குத் திரும்பினால், தொழில் வருமானம் இருக்கும்வரை மறுபடி பழையதற்கு வர முடியாது. சம்பளம் மட்டும் வாங்கும் நண்பர் வருடாவருடம் மாற்றுகிறாரே என்று பார்த்து முடிவெடுக்காதீர்கள், அந்த வசதி உங்களுக்கு இல்லை.

யுஏஎன்_பாருங்க:
ஒன்று சேர்க்கிறேன். கிளினிக் பிரைவேட் லிமிடெட் ஆகி, உங்களுக்குச் சம்பளம் தந்தால் அந்த 14% அங்கேயும் கிடைக்கும். கூட்டு நிறுவனமோ எல்.எல்.பி.யோ என்றால் கிடைக்காது, பங்குதாரர் ஊழியர் ஆகமாட்டார். பி.பி.எஃப். போடுவதானால் ஏப்ரல் 5-க்குள் போடுங்கள். 6-ஆம் தேதி போட்டால் அந்தத் தொகைக்கு ஏப்ரல் மாத வட்டி போய்விடும்.