கிறிஸ்துமஸ் விருந்துக்குக் கருப்பட்டி டிப்: ஒருமுறை நீர்த்துப்போனது, மறுமுறை கசந்துவிட்டது. உதவுங்கள்

குழித்துறைக்காரி
டிசம்பர் 20, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். 23ஆம் தேதி சாயங்காலம் எங்கள் சபைப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் விருந்து. பெரியவர்களையும் சேர்த்து நாற்பது பேர் வருவார்கள். கேக் ஒரு வீட்டில், முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் இன்னொரு வீட்டில் என்று பிரித்துக்கொண்டோம். என் வீட்டில் ஓவன் இல்லை. அதனால் சிப்ஸும் பிஸ்கட்டும் பழமும் தொட்டுச் சாப்பிடுகிற மாதிரி ஒரு இனிப்பு டிப் கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இரண்டு தடவை செய்து பார்த்தேன், இரண்டும் சரியாக வரவில்லை.

முதல் தடவை, அரை லிட்டர் தயிரைத் துணியில் கட்டி இரண்டு மணி நேரம் தொங்கவிட்டேன். கருப்பட்டியைக் காய்ச்சி வடிகட்டி, சூடு ஆறுவதற்குள் ஊற்றி, மிக்சியில் ஒரு சுற்று விட்டேன். மோர் மாதிரி ஆகிவிட்டது. ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்தும் இறுகவில்லை.

இரண்டாம் தடவை தயிரை ஐந்து மணி நேரம் தொங்கவிட்டேன். டெட்ரா பேக் கிரீம் வாங்கி, பீட்டரால் இருபது நிமிடம் அடித்தும் பொங்கவே இல்லை. சரி என்று அதையும் சேர்த்து, அன்னாசிப் பழத்தைப் பொடியாக நறுக்கிப் போட்டேன். மாமா ரப்பர் மரங்களுக்கு இடையில் நட்டதில் காய்த்த பழம், நன்றாகப் பழுத்தது. செய்தவுடன் ருசி பார்த்தோம், அருமையாக இருந்தது. காலையில் எடுத்தால் ஓரமெல்லாம் தண்ணீர், நாக்கில் வைக்க முடியாத கசப்பு. கருப்பட்டியில் சுண்ணாம்பு கூடிவிட்டது என்கிறார் அத்தை. உண்மையா? இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது.

தக்கலை அடுக்களை
டிசம்பர் 20, இரவு 9.34

அக்கா, அன்னாசியைப் பச்சையாகவா போட்டீர்கள், வேகவைத்தா?

குழித்துறைக்காரி
டிசம்பர் 20, இரவு 9.36

பச்சையாகத்தான் தம்பி. சாறு பிழியக்கூட இல்லை.

தக்கலை அடுக்களை
டிசம்பர் 20, இரவு 9.58

அப்படியென்றால் கசப்புக்குக் காரணம் அதுதான், கருப்பட்டி இல்லை. பச்சை அன்னாசியில் புரோமெலைன் என்று ஒரு நொதி இருக்கிறது. அது புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டும். பால், தயிர், கிரீம் எதில் போட்டாலும் அதே வேலையைத்தான் செய்யும். அப்படி வெட்டுப்பட்ட துண்டுகளில்தான் கசப்பு வருகிறது. புரதம் உடைந்தால் கெட்டித்தன்மையும் போகும், நீரும் பிரியும். செய்தவுடன் நன்றாக இருந்து காலையில் கசந்தது என்று நீங்கள் சொன்னதுமே சந்தேகம் வந்தது, ஏனென்றால் நொதி வேலை செய்ய நேரம் எடுக்கும். ஃபிரிட்ஜில் அது மெதுவாகுமே தவிர நிற்காது. கருப்பட்டியில்தான் கோளாறு என்றால் முதல் வாயிலேயே தெரிந்திருக்கும்.

அன்னாசி வேண்டும் என்றால் நறுக்கிக் கொஞ்சம் சர்க்கரை போட்டு, பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டுச் சாறு வற்றியதும் ஆறவைத்துப் போடுங்கள். கொதித்துவிட்டால் அந்த நொதி செயலிழந்துவிடும். டின்னில் வருகிற அன்னாசி ஏற்கெனவே சூடாக்கியதுதான், அதனால் அது கசக்காது. பப்பாளிக்கும் கிவிக்கும் இதே குணம் உண்டு, அவற்றையும் பச்சையாகப் போட வேண்டாம்.

கருங்கல் பெரியம்மா
டிசம்பர் 21, காலை 6.15

மக்களே, அன்னாசி விஷயத்தை அந்தப் பிள்ளை சரியாகச் சொல்லிவிட்டது. நான் தயிரையும் கருப்பட்டியையும் சொல்கிறேன்.

இரண்டு மணி நேரம் போதவே போதாது. கொழுப்பு எடுக்காத பாலில் உறை ஊற்றின, புளிக்காத தயிராக இருக்க வேண்டும். கஞ்சிப் பசை இல்லாத பழைய துவர்த்து (துண்டு) ஒன்றை அலசிப் பிழிந்து, வடிதட்டில் விரித்து, அதில் தயிரை ஊற்றிக் கட்டி, மேலே ஒரு சின்னக் குழவியை வை. அடியில் பாத்திரம் வைத்து அப்படியே ஃபிரிட்ஜுக்குள் தள்ளு. வெளியே தொங்கவிட்டால் நம் ஊர் வெக்கையில் விடிவதற்குள் புளித்துவிடும். பன்னிரண்டு மணி நேரம் கழித்துத் துணியைப் பிரித்தால், துணியின் இழை தயிர் மேல் அச்சாகப் பதிந்திருக்க வேண்டும். கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் விழக்கூடாது. ஒரு லிட்டருக்கு நானூறு கிராம் வரை தேறும். வடிந்த தண்ணீரைக் கொட்டிவிடாதே, சப்பாத்தி மாவு பிசை.

மிக்சியைத் தொடவே தொடாதே. பிளேடு பட்டால் தயிர் இளகிவிடும். கட்டி இருந்தால் சல்லடையில் போட்டுக் கரண்டியால் அழுத்தித் தேய், வெண்ணெய் மாதிரி இறங்கும்.

அடுத்தது பாகு. கால் கிலோ கருப்பட்டிக்கு அரை டம்ளர் தண்ணீர் போதும். கரைந்ததும் வடிகட்டு, மண்ணும் தூசியும் அடியில் நிற்கும். திரும்ப அடுப்பில் ஏற்றி, இரண்டு கிராம்பு, ஒரு சிட்டிகை சுக்குப்பொடி போட்டு வற்றவிடு. கிராம்பு நம் மலைக் கிராம்பாக இருந்தால் இரண்டுக்கு மேல் வேண்டாம், வாசனை தூக்கிவிடும். ஒரு சொட்டைத் தட்டில் விட்டு, ஆறினதும் தட்டைச் சாய்த்துப் பார். தண்ணீராக ஓடாமல் தேன் மாதிரி மெல்ல நகர வேண்டும். பாகு முழுசாக ஆறட்டும். சூடாக ஊற்றினால் தயிர் திரியும். ஆறினதைக் கரண்டி கரண்டியாக விட்டு, ஒரே பக்கமாகக் கிளறு. கல் உப்பை நுணுக்கி ஒரு துளி போடு, கருப்பட்டி ருசி எழுந்து நிற்கும்.

நாகர்கோவில் பேக்கர்
டிசம்பர் 21, காலை 10.20

கிரீம் பற்றி மட்டும் சொல்கிறேன். டெட்ரா பேக்கில் வரும் சாதா கிரீமில் பெரும்பாலும் 25 சதவீதம் கொழுப்புதான் இருக்கும். அடித்தால் காற்றைப் பிடித்து நிற்க 30 சதவீதமாவது வேண்டும். பீட்டரைக் குறை சொல்ல வேண்டாம், எவ்வளவு நேரம் அடித்தாலும் அது பொங்காது. விப்பிங் கிரீம் வாங்கலாம், ஆனால் பெரியம்மா சொன்ன மாதிரி தயிர் வடிந்துவிட்டால் கிரீமே தேவையில்லை. நான் என்றால் விட்டுவிடுவேன்.

குளச்சல் கிறிஸ்டி
டிசம்பர் 21, பகல் 1.05

அக்கா, அன்னாசிக்குப் பதில் மட்டி வாழைப்பழம் வைத்துப் பாருங்கள். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ஊர்ப் பழம், வாசனையே தனி. டிப்புக்குள் போடாமல் வட்டமாக நறுக்கித் தொட்டுக்கொள்ள வையுங்கள். கறுக்காமல் இருக்க எலுமிச்சைச் சாறு தடவினால் போதும். ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸின் உப்புக்கும் இந்த இனிப்புக்கும் பொருத்தம் அருமையாக இருக்கும்.

இன்னொன்று, மொத்தத்தையும் ஒரே பாத்திரத்தில் மேசையில் வைக்காதீர்கள். தயிர்ச் சாமான் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக்கூடாது. நான்கு சின்னக் கிண்ணங்களில் பிரித்து, ஒன்று தீரத் தீர அடுத்ததை எடுங்கள். ஐஸ் போட்ட புது தெர்மாகோல் பெட்டி போதும். மீன் வைத்த பெட்டி வேண்டாம், எத்தனை கழுவினாலும் வாடை போகாது. பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள், முந்திரி ஆகாத பிள்ளைகள் இருக்கிறார்களா என்று முன்னாலேயே தாய்மாரிடம் கேட்டுவிடுங்கள். தொட்டுக்கொள்ள முந்திரியும் வைப்பதென்றால் தனித் தட்டில் வைப்பது நல்லது.

குழித்துறைக்காரி
டிசம்பர் 22, காலை 7.30

நேற்றே ஒரு லிட்டர் கட்டிவைத்தேன். காலையில் துணியைப் பிரித்தால் பெரியம்மா சொன்னபடி இழை அப்படியே பதிந்திருந்தது! நிறுத்துப் பார்த்தேன், 380 கிராம். அதே கருப்பட்டியைத்தான் பாகு காய்ச்சினேன், கசப்பே இல்லை. அத்தை ஒரு ஸ்பூன் சாப்பிட்டுவிட்டு, "கருப்பட்டி நல்ல கருப்பட்டிதான்" என்று அவரே சொன்னார். கேட்டுப் பார்த்தேன், ஒரு பிள்ளைக்குப் பால் ஆகாது. என்ன செய்யட்டும்?

கருங்கல் பெரியம்மா
டிசம்பர் 22, காலை 8.02

ஒரு முழுத் தேங்காயில் தண்ணீர் அதிகம் விடாமல் முதல் பால் மட்டும் எடு. ராத்திரி ஃபிரிட்ஜில் அசையாமல் வை. மேலே கெட்டியாக மிதப்பதைக் கரண்டியால் வழித்து, அதில் இதே பாகைக் கலந்து, அந்தப் பிள்ளைக்கென்று தனிக் கிண்ணத்தில் கொடு. கரண்டியும் தனியாக இருக்கட்டும்.

குழித்துறைக்காரி
டிசம்பர் 24, காலை 9.45

நேற்று விருந்து முடிந்தது. மூன்று லிட்டர் தயிரில் ஒரு கிலோவுக்கு மேல் தேறியது, நானூறு கிராம் கருப்பட்டி பிடித்தது. நான்கு கிண்ணத்தில் மூன்று காலியாகி, நான்காவதைக் கேரல் பாடப் போகிற பையன்கள் சிப்ஸோடு வாங்கிக்கொண்டு போனார்கள். கடைசி வரை நீர் பிரியவில்லை. தேங்காய்ப்பால் கிண்ணத்தை அந்தக் குழந்தை யாருக்கும் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டே சாப்பிட்டது. அதன் அம்மா செய்முறை கேட்டு வாங்கிக்கொண்டார்.

பெரியம்மா, தம்பி, கிறிஸ்டி, எல்லோருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். அன்னாசி இன்னும் இரண்டு மீதி இருக்கிறது. இன்றைக்குக் கொதிக்கவைத்துப் பார்க்கப் போகிறேன்.