இரட்டை ஷாக்கா, மோனோஷாக்கா: ஒரே நிறுவனம் ஏன் இரண்டையும் பொருத்துகிறது?

பழைய புல்லட் – கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது இரட்டை ஷாக் அப்சார்பர் கொண்ட பழைய புல்லட் 350. அண்மையில் நண்பரின் ஹிமாலயன் 411 வண்டியை வால்பாறைச் சாலையில் ஓட்டிப் பார்த்தேன். என் வண்டி இடுப்பை உலுக்கி எடுக்கும் பள்ளங்களில் அது இறங்கி ஏறியதே தெரியவில்லை. பின்புறம் ஒரே ஒரு ஷாக்தான்; அதுவும் வண்டிக்குள் ஒளிந்திருக்கிறது. ஆனால் அதே ராயல் என்ஃபீல்டு நிறுவனம் இன்டர்செப்டர் 650, கிளாசிக் 350 ஆகியவற்றுக்கு இன்றும் இரண்டு ஷாக்குகளையே பொருத்துகிறது. மோனோஷாக் எனப்படும் இந்த ஒற்றை ஷாக் மேலானது என்றால் எல்லா வண்டிகளுக்கும் அதைப் போடாததற்கு விலை மட்டும்தான் காரணமா? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

நெம்புகோல் – பதில்

விலையும் ஒரு காரணம்தான், ஆனால் முதல் காரணம் அதுவன்று. பின்சக்கரம் எவ்வளவு தூரம் மேலும் கீழும் போய்வர வேண்டும் என்பதிலிருந்துதான் வடிவமைப்பாளர் தொடங்குகிறார். இன்டர்செப்டரில் அந்தத் தூரம் 88 மி.மீ.; நீங்கள் ஓட்டிய ஹிமாலயனில் 180 மி.மீ. உங்கள் இடுப்பு கண்டுகொண்ட வேறுபாட்டில் பெரும்பங்கு இந்த நீளத்துக்கே உரியது.

இரட்டை ஷாக் சக்கரத்தின் அச்சுக்கு அருகில் ஏறக்குறைய நிமிர்ந்து நிற்பதால், சக்கரம் ஏறும் அளவுக்குக் கிட்டத்தட்ட அதே அளவு ஷாக்கும் அமுங்க வேண்டும். 88 மி.மீ.க்கு இது எளிது. 180 மி.மீ. வேண்டுமானால் அதற்கேற்ப நீண்ட ஷாக்கைச் சீட்டுக்கும் அச்சுக்கும் இடையில் நிறுத்த இடம் போதாது. 1970களில் மோட்டோகிராஸ் (மேடுபள்ள மண்தடப் பந்தயம்) வண்டிகளைச் செய்தவர்கள் இந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டு, ஷாக்கின் கீழ்முனையை ஸ்விங் ஆர்மில் (பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் கை) முன்னோக்கி நகர்த்தியும், ஷாக்கையே சாய்த்தும் பார்த்தார்கள். பெல்ஜியத்தைச் சேர்ந்த லூசியன் டில்கென்ஸ் என்ற பொறியாளரின் யோசனையை யமஹா ஏற்று, டாங்கின் அடியில் நீண்டு கிடக்கும் ஒற்றை ஷாக்கைப் பொருத்தியது. 1973இல் ஹாகன் ஆண்டர்சன் அந்த அமைப்போடு 250 சி.சி. உலகப் பட்டத்தை வென்ற பிறகு மற்ற நிறுவனங்களும் அந்தப் பக்கம் திரும்பின.

இப்போது ஒரு சிறு கணக்கு. சக்கரம் ஒரு மி.மீ. ஏற 20 நியூட்டன் எதிர்ப்பு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு ஒன்று அசையும் இரட்டை ஷாக்கில் ஒவ்வொரு ஸ்பிரிங்கும் மி.மீ.க்கு 10 நியூட்டன் தந்தால் போதும். சக்கரம் 2.5 மி.மீ. ஏறும்போது 1 மி.மீ. மட்டுமே அமுங்கும் மோனோஷாக்கில், அந்த விகிதத்தின் வர்க்கமான 6.25ஆல் (2.5 × 2.5) பெருக்க வேண்டும். ஸ்பிரிங் மி.மீ.க்கு 125 நியூட்டன் தர வேண்டியிருக்கும். ஷாக்கைப் பிடித்திருக்கும் போல்ட்டுக்கும் சேஸிஸுக்கும் வரும் விசையும் சக்கரத்தில் உள்ளதைப் போல் 2.5 மடங்காகிறது. அதற்கேற்ற வலுவைச் சேஸிஸின் நடுவில் கட்ட வேண்டும் என்பதால்தான் எந்த வண்டியிலும் இதைப் பிறகு மாட்டிவிட முடிவதில்லை.

ஹிமாலயனில் ஷாக்குக்கும் ஸ்விங் ஆர்முக்கும் நடுவே, இரண்டையும் இணைக்கும் சிறு நெம்பு அமைப்பான லிங்கேஜ் ஒன்றும் உண்டு. சக்கரம் மேலே போகப் போக, அது ஏறும் ஒவ்வொரு மி.மீ.க்கும் ஷாக் முன்னைவிடச் சற்று அதிகமாக அமுங்கும்படி அதன் கோணங்கள் அமைந்திருக்கும். அதனால் சிறு கற்களில் மென்மையாகவும், பெரும்பள்ளத்தின் முடிவில் கெட்டியாகவும் ஒரே ஸ்பிரிங்கால் நடந்துகொள்ள முடிகிறது. என்னைக் கேட்டால், மோனோஷாக்கின் உண்மையான ஆதாயம் இந்த லிங்கேஜ்தான். அது இல்லாமல் நேரடியாகப் பொருத்திய மோனோஷாக்கை மட்டும் பார்த்து வியக்க அதிகமில்லை.

கிரீஸ்_கை – பதில்

நெம்புகோல் சொன்னதை ஏற்கிறேன், ஆனால் லிங்கேஜை அவர் அளவுக்குக் கொண்டாட என்னால் முடியாது. என் முந்தைய வண்டியின் பின்புறம் ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு கட்டைபோல் இறுகிவிட்டது. ஷாக் போய்விட்டது என்று முடிவுகட்டிப் புதிது வாங்கி மாட்டியும் மாற்றமில்லை. பிறகு லிங்கேஜைக் கழற்றினால், ஊசி பேரிங் இருக்க வேண்டிய இடத்திலிருந்து செந்நிறத் துருத்தூள் கொட்டியது. வண்டியின் அடிவயிற்றில், சக்கரம் வாரியிறைக்கும் சேறு நேராக விழும் இடத்தில் அது இருக்கிறது. கழற்றி கிரீஸ் வைக்க யாருக்கும் நினைவு வருவதில்லை.

பாறையும் மரக்கட்டையும் நிறைந்த பாதைக்கான எண்டூரோ வண்டிகளில் கேடிஎம் நிறுவனம் நீண்ட காலம் லிங்கேஜே வேண்டாம் என்றிருந்ததற்கு, அடியில் தொங்கிக் கல்லில் இடிபடும் பாகம் ஒன்று குறையும் என்பதும் ஒரு காரணம். ஷாக் அமுங்கும் தூரத்தின் கடைசிப் பகுதியில் அதற்குள்ளேயே ஓர் ஊசி எண்ணெய் செல்லும் வழியை அடைத்து எதிர்ப்பைக் கூட்டும்படி செய்துகொண்டார்கள். அதே நிறுவனம் தன் மோட்டோகிராஸ் வண்டிகளைப் பின்னாளில் லிங்கேஜுக்கு மாற்றியது. பாதை மாறினால் விடையும் மாறுகிறது.

வரைபலகை – பதில்

இடம், தோற்றம் ஆகிய இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மோனோஷாக் குடியேறும் இடம் எஞ்சினுக்குப் பின்னால், ஏர் ஃபில்டர் பெட்டியும் பாட்டரியும் போட்டியிடும் இடம். இரட்டை ஷாக் அந்த இடத்தைத் தொடுவதில்லை; வெளியே இருப்பதால் காற்றுப் பட்டு அதன் எண்ணெயும் எளிதில் குளிர்கிறது. தோற்றத்துக்காகவே செய்யப்பட்ட தேர்வுக்கு ஹார்லியின் சாஃப்டெயிலைச் சொல்லலாம்: 1984இல் வந்த அந்த வண்டியில் ஷாக்குகளைக் கியர்பாக்ஸுக்கு அடியில் படுக்கவைத்து, பின்புறம் ஷாக்கே இல்லாத பழைய வண்டிபோல் காட்டினார்கள். இன்டர்செப்டரிலும் இதே உள்நோக்கம் பாதி உண்டு. 1960களின் சாயலில் செய்த வண்டியின் பக்கவாட்டில் இரண்டு ஷாக்குகள் தெரியாவிட்டால் வாங்குபவர் முகம் சுளிப்பார்.

பழைய புல்லட்

மூவருக்கும் நன்றி. ஒரு கிளைக்கேள்வி: என் வண்டியின் வலப்பக்க ஷாக்கில் எண்ணெய் கசிகிறது. அதை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார் எங்கள் தெரு மெக்கானிக். சரியா?

நெம்புகோல்

வேண்டாம், இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு பக்கம் புதியதும் மறுபக்கம் தளர்ந்ததுமாக இருந்தால், பள்ளத்திலிருந்து எழும்பும்போது இரு பக்கமும் வெவ்வேறு விசை விழுந்து ஸ்விங் ஆர்ம் முறுக்கிக்கொள்ளும். வளைவில் பின்புறம் நெளிவதாக உணர்வீர்கள். மாட்டிய பிறகு, ஷாக்கின் கீழுள்ள பிரீலோட் வளையம் (ஸ்பிரிங்கை முன்கூட்டியே எவ்வளவு அமுக்கி வைப்பது என்பதைத் தீர்மானிப்பது) இரு பக்கமும் ஒரே படியில் நிற்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். பட்டறையில் பெரும்பாலும் கைநழுவுவது அந்த இடம்தான்.