நான்-மார்க்கிங் சோலுக்குத் தமிழ்: 'கறைபடா' வேணாமே

எல்லாருக்கும் வணக்கம், மலேசியாவுல கெடா மாநிலத்துப் பீடோங்லேருந்து எழுதுறேன். நம்ம கலைச்சொல் பட்டியலுக்காக, தரையில கறுப்புக் கோடு விழ வைக்காத சப்பாத்து (ஷூ) அடிக்கு, அதான் நான்-மார்க்கிங் சோலுக்கு, தமிழ்ல என்ன சொல்லலாம்னு போன வாரம் கேட்டேன், இத்தனை பேர் பதில் போட்டிருக்கீங்க, ரொம்ப சந்தோஷம். கொஞ்சம் நீளமாப் போனா பொறுத்துக்குங்க.

> 'கறைபடா அடி' என்றே வைத்துக்கொள்ளலாமே, எளிதாக இருக்கிறது.

ஐயா, இதைத்தான் நானும் முதல்ல பெத்தவங்களுக்குக் குடுக்குற நோட்டீஸ்ல போட்டேன். எங்க தோட்டத்துப் பிள்ளைங்க 11 பேரைக் கூட்டிக்கிட்டு ஞாயித்துக்கிழமை வேன் புடிச்சு ஸ்குவாஷ் ஆடப் போறோம், ஸ்குவாஷ் வீராங்கனை சிவசங்கரி பொறந்த சுங்கை பட்டாணி எங்களுக்குப் பக்கத்து ஊருதான், அந்தப் பொண்ணு ஹாங்சோ ஆசியப் போட்டியில தங்கம் வாங்குனதுலேருந்து பிள்ளைங்களுக்கு இதே நெனப்பு. ஒரு அம்மா 'கறைபடாத அடிப்பாகம் உள்ள காலணி'ன்னு படிச்சிட்டு, அழுக்குத் தெரியாத சப்பாத்துன்னு நெனச்சு, பள்ளிக்கும் ஆகட்டும்னு அடி முதக்கொண்டு கறுப்பா இருக்குற சப்பாத்தை 80 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கிட்டாங்க. 2021லேருந்து இங்க பள்ளிக்கூடத்துக்கே கறுப்புதான், அதனால அவங்க நெனச்சதுல ஒரு தப்பும் இல்ல. கோர்ட்டைப் பார்த்துக்கிறவர் அடியத் திருப்பிப் பார்த்துட்டு உள்ள விடல, பையன் ஆட்டம் முடியுற வரைக்கும் கண்ணாடிக்கு வெளிய உக்காந்திருந்தான். அவங்க காசு நான் எழுதுன ஒரு சொல்லால போச்சு, அது இன்னும் மனசுல கெடக்கு.

கோளாறு 'படு'ங்கற வினையிலதான். கறைபடா அடின்னா கறை அடியில படாதுன்னுதான் யாரும் எடுத்துப்பாங்க. நமக்கு வேண்டியது நேர்மாறு, சப்பாத்து தரையைக் கறையாக்கக் கூடாது. ஸ்குவாஷ் தரை பெரும்பாலும் வார்னிஷ் பூசாத வெறும் மரம், கறுப்புக் கோடு விழுந்தா தேய்ச்சு எடுக்குறது லேசில்ல. கறுப்பு ரப்பர்ல சேர்க்குற கார்பன் கரித்தூள்தான் அதிகமா அப்படி இழுக்கும். கறுப்பா இருக்குறது எல்லாமே இழுக்கும்னு சொல்ல வரல, கடையில வெள்ளைத் தாள் மேல அழுத்தி ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தா ஓரளவு தெரிஞ்சிடும். அதனால என் முன்மொழிவு 'கோடிடா அடி'.

> gum rubber என்பதற்குப் 'பிசின் அடி' எப்படி?

இதுக்குத்தான் அக்கா எங்க ஊர்ல சொல்லே ரெடியா இருக்கு, கித்தா! மலாய் கெத்தாவுலேருந்து வந்தது, கித்தா மரம், கித்தா பால்னு எங்க பாட்டி காலத்துலேருந்து பொழங்குறோம். பிசின்னா ஒட்டுற பசைன்னு ஆயிடும். தேன் நெறத்துல கொஞ்சம் கண்ணாடி மாதிரி இருக்குற அந்த அடியைக் காட்டினா, முப்பது வருஷம் பால் வெட்டுன எங்க பாட்டி மோந்து பார்த்துட்டு இது கித்தாதானேன்னு சொல்லிட்டாங்க. பேட்மிண்டன் சப்பாத்துலயும் பெரும்பாலும் இதே அடிதான், இங்க அது சின்ன டவுன்லயும் கெடைக்கும், தாராளமா ஸ்குவாஷுக்குப் போடலாம். ஓட்டச் சப்பாத்து மட்டும் வேணவே வேணாம், அது முன்னால ஓடுறதுக்குன்னு குதிகால் ஒசத்திப் பண்ணது, பக்கவாட்டுல பாஞ்சு நிக்கும்போது கணுக்கால் மடங்கும். 'தொடுதோல்'னு செருப்பைக் குறிக்குற பட்டினப்பாலைச் சொல்லை ஒருத்தர் எடுத்துக் குடுத்தீங்க, கேக்க அழகா இருக்கு, ஆனா இந்தச் சப்பாத்துல பலதுல தோலே கெடையாது.

அப்புறம் மிட்சோல், அடிக்கு மேல உள்ள இருக்குற நுரை அடுக்கு. இதுக்கு 'இடையடி'ன்னு போட்டிருந்தீங்க, எனக்கு 'நடுமெத்தை'தான் புடிச்சிருக்கு. சப்பாத்தை எப்ப மாத்துறதுங்கறதே பெத்தவங்களுக்குப் புரிய வைக்க முடியாம இருக்கு, மேல கிழியல, அடியும் தேயல, அப்புறம் ஏன் புதுசுன்னு கேக்குறாங்க, ஞாயமான கேள்விதானே. உள்ள இருக்குற நுரை ஆயிரம் தடவை மிதிபட்டு அமுங்கிப்போயி திரும்ப எழும்பாது, ஓரத்துல சுருக்கம் விழும், ஆடி முடிச்சா குதிகாலும் முட்டியும் வலிக்கும். மெத்தைன்னு சொன்னா இலவம்பஞ்சு இறுகிப்போறது எல்லாருக்கும் தெரியும், 'மெத்தை இறுகிடுச்சு, மாத்துங்க'ன்னா போதும். சில மெத்தை பாலியுரித்தேன்ல பண்ணது, அது எங்க ஊரு ஈரக்காத்துல பெட்டிக்குள்ள சில வருஷம் சும்மா கெடந்தாலே பொடிப்பொடியா உதிரலாம், அதனால வளரட்டும்னு முன்கூட்டியே பெருசா வாங்கி வைக்காதீங்கன்னும் எழுதணும். பெருசா இருந்தா கால் உள்ள வழுக்கும், கட்டைவிரலுக்கு முன்னால ஒரு விரல் அகலம் இருந்தா போதும்.

---

தம்பி, கடிதம் கண்டேன். நடுமெத்தை நல்ல சொல், எடுத்துக்கொள்ளலாம். மற்ற இரண்டிலும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. எங்கள் பக்கம் கித்தான் என்றால் முரட்டுத் துணி, கித்தா அடி என்றால் துணி அடி என்று நினைப்பார்கள். 'கோடிடா'வை வேகமாகப் படித்துப் பாருங்கள், கோடி என்று கண் தடுக்குகிறது. 'கோடுபோடா' என்றால் போடா என்று யாரையோ விரட்டுகிற மாதிரி, 'கோடுவிழா' என்றால் திருவிழா. 'போடாத' என்பதில் கடைசி 'த'வை வெட்டி 'போடா' என்று வைக்கும் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் செய்யுளுக்குச் சிக்கனம், விளம்பரத்தாளுக்கு ஆபத்து. 'தடமிடா அடி' பாருங்களேன்.

---

ஐயா, கோடியும் போடாவும் எனக்குத் தோணவே இல்ல, நல்லவேளை அச்சுக்குப் போகறதுக்கு முன்னால சொன்னீங்க. தடம் மட்டும் வேணாங்கய்யா, மழைநாள்ல செம்மண்ணு மிதிச்சிட்டு வந்தா எந்தச் சப்பாத்தும் தடம் விடும், அதுக்குத்தான் பிள்ளைங்களை சிலிப்பர்ல வரச்சொல்லி கோர்ட்டு வாசல்ல மாத்தச் சொல்றோம். கித்தா அடியில தூசி ஏறினா புடிமானம் போயிடும், ஈரத்துணியால தொடைச்சா திரும்பிடும், அது தனி சங்கதி.

நேத்து அந்த அம்மாகிட்டயே போய்க் கேட்டேன், இதை நீங்க எப்படிக்கா சொல்வீங்கன்னு. யோசிக்காம 'தரையில கோடு போடாத சப்பாத்து'ன்னாங்க. அந்தத் 'த'வை வெட்டாம அப்படியே வச்சுக்கலாம்யா, 'கோடு போடாத அடி', மூணு சொல்லா இருந்தா என்ன, கலைச்சொல் குறுகியே இருக்கணும்னு இல்லையே. கித்தா எங்க நோட்டீஸ்ல கித்தாவாவே இருக்கட்டும், பொதுப் பட்டியல்ல 'இயற்கை ரப்பர் அடி'ன்னு போட்டு பக்கத்துல மலேசிய வழக்குன்னு கித்தாவையும் சேர்த்துடுங்க, எங்க சொல்லு விட்டுப்போகக் கூடாது.

நோட்டீஸ் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. அந்தப் பையனுக்கு என்கிட்ட இருந்த பேட்மிண்டன் சப்பாத்து ஒண்ணு சரியா இருந்துச்சு, இந்த ஞாயிறு உள்ள ஆடுறான்.