செட்டியார் பொம்மைக்குப் பின்னால் ஓர் எல்டிஆர்

கும்பகோணத்திலிருந்து:

சென்ற நவராத்திரிக்குக் கொலுப்படியின் கீழே பூங்கா அமைத்தேன். கேழ்வரகு முளைவிட்ட புல்வெளி, குளத்துக்கு முகம் பார்க்கும் கண்ணாடி, கரையில் ஸ்ட்ராவால் செய்த மூன்று விளக்குக் கம்பங்கள். கூடத்து டியூப்லைட்டை அணைத்ததும் அவை தாமாக எரிய வேண்டும் என்று ஆசை. ஒரு பிசி 547 டிரான்சிஸ்டர், 9 வோல்ட் பேட்டரி, டிரான்சிஸ்டரை இயக்கும் பேஸ் காலுக்கு மேலே ஒரு லட்சம் ஓம் மின்தடை, கீழே எல்டிஆர் என்னும் ஒளி உணரும் சென்சார், அவ்வளவுதான் சுற்று. வெளிச்சத்தில் எல்டிஆரின் தடை குறைந்து பேஸைக் கீழே இழுத்து வைத்திருக்கும். இருட்டில் தடை ஏறி, பேஸ் 0.6 வோல்ட்டைத் தொட்டதும் டிரான்சிஸ்டர் விழித்துக்கொள்ளும்.

மேசையில் வைத்துப் பார்த்தபோது பளிச்சென்று எரிந்தது. பூங்காவில் பொருத்தினால் மின்மினி அளவுக்குத்தான். பேட்டரியை இரண்டு முறை மாற்றினேன். சுண்டல் வாங்க வந்த பக்கத்து வீட்டுப் பையன் குனிந்து பார்த்துவிட்டு, "அத்தை, சென்சாரை விளக்குக்கு அடியிலேயே வைத்திருக்கிறீர்களே" என்றான். தன் வெளிச்சத்தையே பகல் என்று நம்பி, முழுதாக எரியவும் மாட்டாமல் அணையவும் மாட்டாமல் நின்றிருக்கிறது!

மதுரையிலிருந்து:

அக்கா, உங்களுடையது மங்கியதோடு விட்டது. எங்கள் பள்ளிக் கண்காட்சியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தெர்மாகோல் தெரு ஒன்று செய்து, டிரான்சிஸ்டரோடு ரிலே என்னும் மின்காந்த சுவிட்சையும் சேர்த்திருந்தார்கள். அதே தவறுதான், சென்சார் விளக்கின் கீழே. ரிலேக்கு அரைகுறை கிடையாது, எரியும் அல்லது அணையும். நடுவர் வந்து ஜன்னலைச் சாத்தச் சொன்னதும் தையல் இயந்திரம் போல டகடகவென்று அடிக்கத் தொடங்கியது. தெரு முழுவதும் கண் சிமிட்டியது. "இது தீபாவளி மாதிரியா?" என்று நடுவர் கேட்டார். பிள்ளைகளுக்கு அழுகை வந்துவிட்டது. கறுப்பு ஸ்ட்ராவை ஓர் அங்குலம் வெட்டி எல்டிஆரின் மேல் செருகி, ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தேன். அடிப்பது நின்றது. பரிசு வேறு பள்ளிக்குப் போய்விட்டது, அது வேறு கதை.

ஒன்று சொல்ல வேண்டும். எல்டிஆரின் முகத்தில் வளைந்து வளைந்து ஓடும் கோடு காட்மியம் சல்ஃபைடு. உடைந்துபோனதைப் பிள்ளைகள் கையில் விளையாடக் கொடுக்காதீர்கள்.

கோவையிலிருந்து:

நான் 1:87 அளவில் ரயில் மாதிரிகள் செய்பவன். ஸ்ட்ரா எனக்குப் போதவில்லை. அந்தி நேரத்தில் மேகம் ஒன்று நகர்ந்தாலும் நடைமேடை விளக்குகள் தடுமாறின. கடைசியில் 555 என்னும் டைமர் ஐசியிடம் போனேன். அதன் 2, 6 கால்களை இணைத்து, எல்டிஆரை மேலேயும் மின்தடையைக் கீழேயும் வைத்தால், அந்தக் கால்களின் மின்னழுத்தம், ஐசிக்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கும்போது விளக்கு எரியும். மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால்தான் அணையும். கணக்குப் போட்டால், எரியத் தொடங்கியபோது இருந்த எல்டிஆரின் தடை கால் பங்காகக் குறையும் அளவுக்கு வெளிச்சம் வர வேண்டும். மேகத்துக்கு அந்த வலு இல்லை. எட்டு எல்இடிகளுக்கு ரிலேயும் தேவைப்படவில்லை, 555 தானே தாங்குகிறது.

கும்பகோணத்திலிருந்து மீண்டும்:

555 வரை போகும் துணிச்சல் எனக்கு வரவில்லை, தம்பி. இந்த ஆண்டு ஸ்ட்ராவோடு நிறுத்திக்கொண்டேன். எல்டிஆர் இப்போது மளிகைக்கடைச் செட்டியார் பொம்மைக்குப் பின்னால், கூரையைப் பார்த்தபடி இருக்கிறது. விளக்குகள் ஒழுங்காக எரிகின்றன. என்ன, தாம்பூலம் வாங்க வரும் மாமிகள் குனிந்து செட்டியாரைப் பார்க்கும்போதெல்லாம் அவர்கள் நிழல் விழுந்து பூங்காவில் பொழுது சாய்ந்துவிடுகிறது. நிமிர்ந்தால் விடிந்துவிடுகிறது. ஒரு மாமி இதைக் கண்டுபிடித்து, பாட்டுப் பாடச் சொன்னபோது பாடாமல் ஐந்தாறு முறை குனிந்து நிமிர்ந்துவிட்டுப் போனார்.