பதில்: தாதி மகளைக் கௌரவிப்பது தொடர்பாக

அன்புள்ள உறவுகளுக்கு வணக்கம்.

செயலாளர் தம்பியின் மடல் கிடைத்தது. சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி ஊரில் நடக்கும் ஒன்றுகூடலில் மட்டக்களப்பில் புற்றுநோய் விடுதித் தாதியாக இருக்கும் நம் ஊர் மகளுக்குக் கௌரவிப்புச் செய்வதில் எனக்கு முழுச் சம்மதம். பொன்னாடை, நினைவுச் சின்னம், ‘சேவைச் செம்மல்’ பட்டம், பிரதம அதிதியின் உரை என்று நீளும் நிகழ்ச்சி நிரலைத்தான் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள் என்கிறேன். அந்தப் பிள்ளை என்ன செய்தார் என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை. ‘அர்ப்பணிப்பான சேவை’ என்று போட்டிருக்கிறீர்கள். ஓய்வு பெற்ற அதிபருக்கும் அதைத்தான் எழுதினோம், தபாற்காரருக்கும் அதைத்தான் எழுதினோம்.

அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு வேலையில் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊரில் நின்றேன். முன்பென்றால் கொழும்புப் பக்கம் மகரகமவில் இருக்கும் புற்றுநோய் வைத்தியசாலைக்கு இரவு பஸ்ஸில் கொண்டுபோய், அங்கே தங்க இடம் தேடி அலைய வேண்டும். இப்போது மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலேயே புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருந்து வருகிறவர்கள் ‘பாதை’ என்கிற மிதவைப் படகுக்குக் காத்து நிற்காமல் மண்முனைப் பாலத்தால் வந்து சேர்ந்துவிடுகிறார்கள். அந்த விடுதியில் கண்டதை எழுதுகிறேன்.

அம்மாவுக்குக் கொடுத்த மருந்துகளில் ஒன்று சர்பத் போலச் சிவப்பாக இருக்கும். டொக்சோரூபிசின் என்று பெயர். நரம்பை விட்டு வெளியே கசிந்தால் சதையையே புண்ணாக்கிவிடும். அறுவைச் சிகிச்சை நடந்த பக்கத்துக் கையைத் தொடக்கூடாது. மற்றக் கையிலோ நரம்பே தட்டுப்படவில்லை. மிஸ்ஸி (நம் தாதி மகளை விடுதியில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்) அவசரப்படவில்லை. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கையில் சுற்றிவிட்டு, பக்கத்துக் கட்டிலில் இருந்த காத்தான்குடி உம்மாவின் சேலைனைப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு துணியை எடுத்து, மணிக்கட்டுக்கு மேலே விரல் நுனியால் தடவித் தடவி ஓர் இடத்தில் நிறுத்தினார். ஒரே குத்தில் ஊசி ஏறியது. மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தும்போது கண்ணை ஊசி முனையை விட்டு எடுக்கவேயில்லை. “எரியுதா அம்மா, எரிந்தால் உடனே சொல்லுங்கள், என்னைப் பார்த்துப் பொறுத்துக்கொள்ள வேண்டாம்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நம் ஊர்ப் பெண்கள் பொறுத்துக்கொள்வார்கள் என்று அவருக்குத் தெரியும்.

புறப்படும்போது வாசல் வரை வந்து, “இரண்டொரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும். அது இரத்தமில்லை, மருந்தின் நிறம்” என்றார். இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் நடுச்சாமத்தில் ஓட்டோ பிடித்து ஓடியிருப்போம். ஓட வேண்டியது எதற்கு என்பதையும் சொன்னார்: காய்ச்சல் 38 பாகையைத் தொட்டால் பனடோல் கொடுத்துப் படுக்கவைக்காமல் அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும். மருந்து ஏற்றி ஒரு கிழமைக்குப் பிறகு நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் காலத்தில் சாதாரணக் காய்ச்சலும் உயிரைக் கொண்டுபோய்விடலாம்.

கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் பெரியப்பா ஒருவர் ஆண்கள் விடுதியில் இருந்தார். வாய்ப் புற்றுநோய். கன்னம் வெடித்துப் புண்ணாகி, அந்த மணத்துக்குப் பயந்து சொந்தப் பிள்ளைகளே கதவடியில் நின்று பேசிவிட்டுப் போவார்கள். மிஸ்ஸி வைத்தியரிடம் கேட்டு, மெட்ரோனிடசோல் என்ற கிருமிகொல்லிக் குளிசையைப் பொடியாக்கிப் புண்ணில் தூவிக் கட்டிவந்தார். சில நாட்களில் மணம் அடங்கியது. பேரப்பிள்ளை கட்டிலில் ஏறி உட்கார்ந்து கதை சொன்னதை நானே பார்த்தேன்.

அந்தப் பெரியப்பாவுக்கு எழுதிக் கொடுத்திருந்த மோர்பின் என்ற வலி மருந்தை மருமகள் அலுமாரியில் பூட்டி வைத்திருந்தார். அது சாகப் போகிறவர்களுக்குக் கொடுப்பது, பழகிவிட்டால் விடாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மிஸ்ஸி அவரைத் திட்டவில்லை. கிழித்த கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் காலை 6, 10, பிற்பகல் 2, மாலை 6, இரவு 10 என்று பெரிய எழுத்தில் எழுதினார். வலி வந்த பிறகு கொடுப்பதில்லை, வராமல் இருக்கக் கொடுப்பது என்று விளக்கினார். மலச்சிக்கலுக்குரிய குளிசையையும் அதே தாளில் சேர்த்தார். அதை மறந்தால் வயிறு இறுகி, பழி மோர்பினுக்குப் போய்விடும்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். விழா வாசலில் வட்டா நிறைய வெற்றிலை பாக்கு வைப்பதாக நிரலில் இருக்கிறது. புகையிலை சேராவிட்டாலும் பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-இலேயே அறிவித்துவிட்டது. இலங்கை ஆண்களிடையே முதலிடத்தில் இருப்பதும் வாய்ப் புற்றுநோய்தான். வாசலில் அதைக் கொடுத்துவிட்டு உள்ளே மிஸ்ஸிக்கு மாலை போடுவதா? கற்கண்டும் சந்தனமும் போதும்.

இங்கே வட அமெரிக்க மருத்துவமனைகளில் டெய்சி விருது என்று ஒன்று தாதியருக்குக் கொடுக்கிறார்கள். 1999-இல் பட்ரிக் பார்ன்ஸ் என்பவர் 33 வயதில் இரத்தத் தட்டுகள் அழியும் நோயால் இறந்தார். அவரைப் பராமரித்த தாதியருக்கு நன்றி சொல்ல அவருடைய குடும்பம் தொடங்கியது அது. நோயாளியோ குடும்பத்தவரோ தாதி செய்ததை நடந்தபடி எழுதி அனுப்பலாம். பெரும்பாலும் அதை வைத்தே தெரிவு செய்கிறார்கள். விருது பெறுகிறவருக்கு சிம்பாப்வேச் சிற்பிகள் செதுக்கிய சிறு கற்சிலை. கூடவே விடுதியில் வேலை செய்கிற எல்லோருக்கும் கறுவா போட்ட பன். பட்ரிக் விரும்பிச் சாப்பிட்டுத் தாதியருக்கும் கொடுக்கச் சொன்ன பண்டமாம். கறுவா நம் நாட்டுச் சரக்கு என்பதாலோ என்னவோ, எனக்கு அந்தப் பன்தான் பிடித்தது.

ஆகவே என் யோசனை இதுதான். அந்த விடுதியில் யாருடைய உறவினர் இருந்தாரோ அவர் ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். எழுத முடியாத பெரியவர்கள் வட்ஸ்அப்பில் பேசி அனுப்பட்டும், நான் கேட்டு எழுதுகிறேன். நோயாளியின் பெயர் வேண்டாம். ‘அந்த வருத்தம்’ என்று மறைத்துப் பேசும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. ஏறாவூர், காத்தான்குடி ஆட்களிடமும் கேட்க வேண்டும். அவர் நம் ஊர்க்காரரை மட்டும் பார்த்தவர் இல்லை. எல்லாவற்றையும் ஒரு புத்தகமாகக் கட்டி அவரிடம் கொடுப்போம். ஒரு பிரதி வைத்தியசாலைப் பணிப்பாளருக்குப் போகட்டும்.

பண முடிப்பு வேண்டாம். அவர் அரச உத்தியோகத்தர், நன்றி சொல்லப் போய்ச் சங்கடத்தில் மாட்டிவிடக் கூடாது. அன்றைய மதியச் சாப்பாட்டை விடுதிக்கே அனுப்புவோம். சிற்றூழியர்களையும் சுத்திகரிப்பவர்களையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். அனுமதி கேட்கும் பொறுப்பு ஊரில் இருக்கும் தலைவர் அண்ணனுக்கு.

மண்டபம் பதிவு செய்வதற்கு முன் மிஸ்ஸியிடம் கடமைப் பட்டியலைக் கேளுங்கள். இரவுக் கடமை முடித்து வருகிறவரை மூன்று மணி நேரம் மேடையில் உட்காரவைத்து அரசியல்வாதியின் பேச்சைக் கேட்க வைக்காதீர்கள். கடிதங்கள் மாசி முடிவதற்குள் எனக்குக் கிடைத்தால் போதும்.

அன்புடன்,
வாசிகசாலையடி மூத்தவள்,
ஸ்காபரோ