வேர்டுல தமிழ் ஆய்வேடு: பொருளடக்கமும் பக்க எண்ணும் ஒத்தே வர மாட்டேங்குது, உதவுங்க

நிலா_ஆய்வு:
எல்லாருக்கும் வணக்கம். முனைவர் பட்ட ஆய்வேடு தமிழ்ல டைப் பண்றேன், வேர்டு 2016, லதா ஃபான்ட். பொருளடக்கத்தை கையாலயே புள்ளி வச்சு பக்க எண் போட்டிருக்கேன், இப்ப நெறியாளர் ரெண்டாவது இயல்ல ஒரு பகுதி சேர்க்கச் சொல்லி சேர்த்ததும் அதுக்கப்புறம் எல்லா எண்ணும் தள்ளிப்போச்சு. அதோட சான்றிதழ், உறுதிமொழி, நன்றியுரை பக்கங்களுக்கு ரோமன் எண் வேணும், முதல் இயல்ல இருந்து 1, 2ன்னு வேணும். ஒண்ணை மாத்தினா மொத்தமும் மாறுது. சமர்ப்பிக்க நாள் நெருங்கிடுச்சு, எங்க இருந்து ஆரம்பிக்க?

டிடிபி_அக்கா:
பதறாதம்மா, பொருளடக்கத்துல இருந்து ஆரம்பி. நீ தலைப்பைப் பெருசாக்கி போல்டு பண்ணியிருப்ப, அது நம்ம கண்ணுக்குத்தான் தலைப்பு, வேர்டுக்கு சாதாரண பாராதான், அதனாலதான் அதால பொருளடக்கம் எடுக்க முடியல. கீபோர்டை இங்கிலீஷுக்கு மாத்திக்கிட்டு, இயல் தலைப்புல கர்சர் வச்சு கன்ட்ரோல் ஆல்ட் 1 (இதுதான் ஹெட்டிங் 1 ஸ்டைல்), உள்தலைப்புல கன்ட்ரோல் ஆல்ட் 2 (ஹெட்டிங் 2), இப்படியே கடைசி வரைக்கும் போ. அப்புறம் கையால போட்ட பட்டியலை அழிச்சுட்டு அதே இடத்துல ரெஃபரன்சஸ் டேப், டேபிள் ஆஃப் கன்டென்ட்ஸ். இனிமே எதைச் சேர்த்தாலும் பட்டியல் மேல க்ளிக் பண்ணி எஃப்9, அப்டேட் என்டயர் டேபிள், அவ்வளவுதான். இயல் புதுப் பக்கத்துல ஆரம்பிக்கணும்னு என்டரா தட்டியிருந்தா அதையெல்லாம் எடுத்துடு. ஹோம் டேப்ல ஸ்டைல்ஸ்ல இருக்குற ஹெட்டிங் 1 மேல ரைட் க்ளிக், மாடிஃபை, ஃபார்மட், பாராகிராஃப், அங்க ரெண்டாவது டேப்ல பேஜ் பிரேக் பிஃபோர்னு இருக்கும், டிக் பண்ணு.

நிலா_ஆய்வு:
பட்டியல் வந்துடுச்சுக்கா, ரொம்ப நன்றி! ஆனா ஹெட்டிங் 1ஐ 16, போல்டுன்னு மாத்தினா தலைப்புல இருக்குற இங்கிலீஷ் எழுத்தும் எண்ணும் மட்டும் மாறுது, தமிழ் அப்படியே நிக்குது?

வைகைக்கரை:
இது தமிழ்ல டைப் பண்ற எல்லாரையும் படுத்துற விஷயம், யாரும் சொல்லித் தர்றதும் இல்ல. வேர்டு தமிழை காம்ப்ளக்ஸ் ஸ்க்ரிப்ட்னு தனியா வச்சிருக்கு, அதுக்கு ஃபான்ட், சைஸ், போல்டு எல்லாமே தனி. ஃபைல், ஆப்ஷன்ஸ், லாங்வேஜ் போய் எடிட்டிங் லாங்வேஜ்ல தமிழைச் சேர்த்து வேர்டை மூடித் திறங்க. பிறகு மாடிஃபை, ஃபார்மட், ஃபான்ட் போனா மேல லத்தீன் டெக்ஸ்ட், கீழ காம்ப்ளக்ஸ் ஸ்க்ரிப்ட்ஸ்னு ரெண்டு பகுதி இருக்கும், கீழ இருக்குறதுல 16ம் போல்டும் வைங்க. நார்மல் ஸ்டைலுக்கும் இதே மாதிரி பண்ணிடுங்க, இல்லன்னா உள்ள இருக்குற பாரா சைஸ்லயும் இதே தொல்லை வரும்.

பக்க எண்ணுக்கு: முதல் இயல் தலைப்புக்கு முன்னாடி கர்சர் வச்சு லேஅவுட், பிரேக்ஸ், செக்‌ஷன் பிரேக்ஸ்ல நெக்ஸ்ட் பேஜ். சாதாரண பேஜ் பிரேக் போட்டா வேலைக்கு ஆகாது. இயலோட முதல் பக்க ஃபுட்டர்ல டபுள் க்ளிக் பண்ணி லிங்க் டு ப்ரீவியஸை ஆஃப் பண்ணுங்க, நீங்க ஒண்ணை மாத்தினா மொத்தமும் மாறுதுன்னு சொன்னதுக்கு இதுவாத்தான் இருக்கும். அப்புறம் பேஜ் நம்பர், ஃபார்மட் பேஜ் நம்பர்ஸ்ல ஸ்டார்ட் அட் 1 குடுங்க. முன்பக்கங்கள்ல போய் அதே இடத்துல ரோமனைத் தேர்ந்தெடுங்க.

நிலா_ஆய்வு:
ரெண்டுமே சரியாயிடுச்சு அண்ணா!! தலைப்பும் 16ல அழகா வந்துடுச்சு. அட்டவணைகளுக்கும் இப்படி பட்டியல் எடுக்க முடியுமா, நிறைய இருக்கு.

டிடிபி_அக்கா:
தாராளமா. அட்டவணை முழுசையும் செலக்ட் பண்ணி ரைட் க்ளிக், இன்சர்ட் கேப்ஷன், நியூ லேபிள்ல "அட்டவணை"ன்னு ஒரு தடவை டைப் பண்ணிட்டா போதும், அடுத்தடுத்த எண்ணை அதுவே போட்டுக்கும். எல்லாத்துக்கும் போட்டதும் ரெஃபரன்சஸ்ல இன்சர்ட் டேபிள் ஆஃப் ஃபிகர்ஸ் போய் அந்த லேபிளைத் தேர்ந்தெடு. பிரிண்ட்டுக்கு குடுக்குறதுக்கு முன்னாடி கன்ட்ரோல் ஏ, எஃப்9 போட்டு பிடிஎஃப்பா சேவ் பண்ணிக் கொண்டு போ, கடை கம்ப்யூட்டர்ல லதா இல்லன்னா பக்கமெல்லாம் மறுபடி நகரும்.