பவுலஸுக்குக் கடைசி நேரத்தில் ஃபீல்டு மார்ஷல் பதவி எதற்கு?

கேள்வி:
வணக்கம். 1943 ஜனவரி 30 அன்று சோவியத் நகரமான ஸ்டாலின்கிராடில் சிக்கியிருந்த ஜெர்மன் படைத் தளபதி பவுலஸை ஹிட்லர் ஃபீல்டு மார்ஷல் ஆக்குகிறார். மறுநாளே அவர் சோவியத் படையிடம் பிடிபடுகிறார். படையே அழிந்துகொண்டிருக்கும்போது பதவி உயர்வு எதற்கு? அப்புறம், ஜெர்மன் ராணுவத்தில் ஜெனரலுக்கு மேல் எத்தனை படி?

பதில் 1:
படிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். காலாட்படை ஜெனரல், பீரங்கிப்படை ஜெனரல் என்று பிரிவின் பெயரோடு வரும் ஜெனரலுக்கு மேல் ஜெனரலோபர்ஸ்ட். அதற்கும் மேல் ஃபீல்டு மார்ஷல். கடற்படையில் அதற்குச் சமம் கிராண்ட் அட்மிரல். ரேடரும் டோனிட்ஸும் அதை வகித்தார்கள். 1940-ல் விமானப்படைத் தலைவர் கோரிங் ஒருவருக்கு மட்டும் எல்லோருக்கும் மேலாக ரைக்ஸ்மார்ஷல் பதவி.

பவுலஸுக்கு வந்ததைச் சாகச் சொல்லி அனுப்பிய உத்தரவாகத்தான் நான் பார்க்கிறேன். ஜெர்மன் ஃபீல்டு மார்ஷல் உயிரோடு எதிரி கையில் சிக்க மாட்டார் என்பது அங்கே ஊறிப்போன நம்பிக்கை. தன்னைத்தானே சுட்டுக்கொள்வார் என்று ஹிட்லர் எதிர்பார்த்தார். பவுலஸோ ஜனவரி 31 காலை, யூனிவெர்மாக் என்ற பெரிய கடையின் நிலவறையிலிருந்து உயிரோடு வெளியே வந்தார். கொதித்துப்போன ஹிட்லர், இந்தப் போரில் இனி யாரையும் ஃபீல்டு மார்ஷல் ஆக்க மாட்டேன் என்றார். ஆனால் பிப்ரவரி 1 தேதியிலேயே க்ளைஸ்ட், வைக்ஸ், புஷ் என்ற மூன்று தளபதிகளுக்கும் அந்தப் பதவி கிடைத்தது.

என் மனம் ஆறாத விஷயம் வேறு. ஜனவரி 8-லேயே சோவியத் தரப்பு சரணடைய வாய்ப்புக் கொடுத்தது. பவுலஸ் மறுத்தார். அதற்குப் பிறகு மூன்று வாரம் பட்டினியிலும் குளிரிலும் செத்த சிப்பாய்களுக்கு யார் பதில் சொல்வது? சுமார் 91,000 பேர் கைதானார்கள். ஊர் திரும்பியவர்கள் ஏறக்குறைய 6,000 பேர்தான். பவுலஸ் 1953-ல் விடுதலையாகி டிரெஸ்டனில் வாழ்ந்து 1957-ல் இறந்தார். அவர் சுட்டுக்கொண்டிருக்க வேண்டுமா என்று இன்னும் விவாதிக்கிறோம். ஜனவரி 8 பற்றித்தான் பேச வேண்டும்.

பதில் 2:
நல்ல விளக்கம் அண்ணா. ஆனால் மறுத்தது பவுலஸ் மட்டுமா? சரணடையக் கூடாது என்பது ஹிட்லரின் கட்டளை அல்லவா? இன்னொன்று, டாங்கிப்படைத் தளபதி குடேரியன் ஏன் ஃபீல்டு மார்ஷல் ஆகவில்லை?

பதில் 1:
கட்டளை ஹிட்லருடையதுதான் தம்பி. ஆனால் களத்தில் நின்று செத்துக்கொண்டிருந்தவர்களைக் கண்ணால் பார்த்தவர் பவுலஸ். அதனால் அவரை என்னால் விட முடியவில்லை.

குடேரியன் 1941 டிசம்பரில் மாஸ்கோ அருகே பின்வாங்குவது பற்றி வாதாடிப் பதவி இழந்தவர், கடைசிவரை ஜெனரலோபர்ஸ்ட்தான். 1940 ஜூலை 19 அன்று ஒரே நாளில் 12 பேருக்குக் கிடைத்த பதவி அவருக்குக் கிடைக்கவே இல்லை. அந்த 12 பேரில் ஒருவரான விட்ஸ்லெபன், 1944-ல் ஹிட்லரைக் கொல்ல நடந்த சதியில் சேர்ந்ததற்காகத் தூக்கிலிடப்பட்டார்.

பதில் 3:
இப்போதும் அங்கே அந்தப் பதவி இருக்கிறதா?

பதில் 1:
இல்லை. இன்றைய ஜெர்மன் ராணுவம் நான்கு நட்சத்திர ஜெனரலோடு நின்றுவிடுகிறது.